கம்பி வளையமும் காலிகோ அட்டையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், அட்டை போட்டவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். உள்ளே எழுதியவர்கள் எல்லாம் படித்தவர்கள். தாள் தாளாகப் பறந்து போகாமல் அதைக் கட்டி வைத்தது என் கை.

அப்பா உப்பளத்தில் உப்பு வாரினார். நான் அதைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டினேன். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி எரியும்போதெல்லாம் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வேறு பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. பாண்டிச்சேரியில் ஒரு அச்சகத்தில் குப்பை கூட்டச் சேர்ந்தேன். தாள் மடிக்கக் கற்றேன், நூல் தையல் கற்றேன், கத்தி பிடிக்கக் கற்றேன். கடைசியில் பைண்டிங் மேஸ்திரிக்கு அடுத்த ஆள் நான்தான். அப்பா போன பிறகு ஊருக்குத் திரும்பி, கடைத்தெருவில் சொந்தமாக பைண்டிங் கடை போட்டேன். இதெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில். எவனிடமும் சிபாரிசுக்குப் போய் நின்றதில்லை.

அப்போது பைண்டிங்கில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நூலில் தைத்து, கனத்த அட்டை வைத்து, காலிகோ துணி ஒட்டுவது. தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் தடித்த புத்தகமாக இருந்தால் பிரித்து வைத்த பக்கத்தில் நிற்காது, கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். இன்னொன்று மெட்ராஸிலிருந்து வந்த ரிங் பைண்டிங். தாளின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, சுருள் கம்பியைத் திருகித் திருகி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் பாய் மாதிரி படுக்கும். வேண்டாத தாளைக் கழற்றலாம், புதுத் தாளைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கு மெல்லிய அட்டைதான் போடுவார்கள். பையில் வைத்தால் மடங்கும், ஓரம் கசங்கும்.

அச்சகத்தில் கழித்துப் போட்ட ஓட்டை போடும் மிஷின் ஒன்றை வாங்கி வந்து பழுது பார்த்து வைத்திருந்தேன். மரக்காணத்தில் அதைக் கேட்டு ஒரு ஆள்கூட வரவில்லை. இரண்டையும் சேர்த்து, உள்ளே வளையம் வெளியே கனத்த அட்டை என்று ஒரு புத்தகம் செய்தால் என்ன என்று இந்தக் கடற்கரையில் முதலில் நினைத்தவன் நான். பட்டணத்தில் எவனாவது எனக்கு முன்னால் செய்திருக்கலாம். நான் பார்த்ததில்லை. பார்க்காமல் செய்தேன்.

செய்ய வைத்தது என் தங்கை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. தங்கை அங்கேதான் எட்டாவது வரை படித்தாள். அதன் பிறகும் அவளை அவர்கள் விடவில்லை, அவளும் அவர்களை விடவில்லை. தினமும் போய் அங்கிருந்த மிஷினில் தைப்பாள். தையல் சொல்லிக் கொடுத்த வயதான சிஸ்டருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் தலைமை சிஸ்டர் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு, இந்தப் பெண் கவர்மெண்டு தையல் பரீட்சை பாஸ் செய்துவிட்டால் வருகிற ஜூன் மாதம் தையல் டீச்சர் வேலை இவளுக்குத்தான் என்று சொன்னார். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் கிடையாது. உப்பளத்துக்காரன் மகள் டீச்சர் ஆகப் போகிறாள் என்று நான் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குத்தான் மனம் இரண்டாக இருந்தது. பிரம்மதேசத்தில் அம்மாவின் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை. நிலம், கிணறு, சொந்த மாடு. இரண்டு வருடமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு அதில் விருப்பமில்லை. ஆளைப் பிடிக்கவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் சொன்னாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பாஸானால் வேலை, கல்யாணப் பேச்சு அவள் இஷ்டப்படி. இல்லையென்றால் வைகாசியில் பிரம்மதேசம். அம்மா சொன்னால் சொன்னதுதான். தங்கையும் சரியென்று தலையாட்டினாள். தன் கையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பொய்யில்லை. பட்டன் காஜா எடுத்தாள் என்றால் துணியின் பின்பக்கம் எது, முன்பக்கம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. குழந்தைச் சட்டையின் மார்பில் சின்னச் சின்னச் சுருக்கம் வைத்து அதன் மேல் பூத்தையல் போடுவாள். தேன்கூடு மாதிரி இருக்கும், ஸ்மாக்கிங் என்பார்கள். எனக்குத் தொழில் கை உண்டு என்று நானே சொல்லிக்கொள்கிறவன். எங்கள் வீட்டில் முதல் கை அவளுடையதுதான்.

பரீட்சைக்கு ஒரு மாதிரிப் புத்தகம் கொண்டுபோக வேண்டும். வெள்ளைத் துணித் துண்டுகளில் ஒவ்வொரு தையலையும் போட்டு, தடித்த தாளில் பொருத்தி, அவர்கள் சொன்ன வரிசையில் அடுக்க வேண்டும். முதலில் ஓட்டுத் தையல், விளிம்புத் தையல். கடைசியில் காஜா, ஸ்மாக்கிங், பொம்மைக்குப் போடுகிற அளவில் ஒரு குழந்தைச் சட்டை. சாதாரணமாகத் தைத்த புத்தகத்தில் இதை வைத்தால் துணியின் கனத்தில் முன்பக்கம் உப்பி, புத்தகம் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைப் பிளந்துகொள்ளும்.

தங்கை கடைக்கு வந்து மேஜை மேல் துணிகளைப் பரப்பினாள்.

“பிரிச்சா படுக்கணும்ண்ணா. மூடினா நிக்கணும். நடுவுல ஒரு பக்கம் சரியில்லன்னா கழட்டிட்டு வேற மாட்டணும். பஸ்ல நசுங்கவும் கூடாது. உன்னால ஆவுமா?”

“என்னால ஆவாதுன்னு எவன் சொன்னான்?”

“எவனும் சொல்லல. நீ சொல்லிடப் போறியேன்னுதான் கேக்கறேன்.”

அவள் பேச்சு அப்படித்தான். சிரித்துக்கொண்டே குத்துவாள்.

வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. வளையத்தில் தாள்களோடு கடைசியாக ஒரு தடித்த தாளையும் சேர்த்துக் கோத்துக்கொண்டேன். அந்தக் கடைசித் தாளை மட்டும் பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒட்டினேன். வளையம் பின்னட்டையில் பிடித்து நிற்கும், முன்னட்டை தனியாகத் திறக்கும். முதுகுக்கு வளையத்தைவிட விரற்கடை அகலம் கூட விட்டேன், இல்லையென்றால் அட்டை மூடாது. கரும்பச்சைக் காலிகோ. மூடி வைத்தால் உள்ளே கம்பி இருப்பதே வெளியே தெரியாது, வக்கீல் வீட்டு அலமாரிப் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். திறந்தால் மேஜையில் தட்டையாகப் படுக்கும். செய்து முடித்துவிட்டு நானே பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

பசை மட்டும் நான் எப்போதும் காய்ச்சுகிற பசைதான். மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் பொடித்துப் போடுவோம். நீலமாக இருக்கும். துத்தம் போடாவிட்டால் பூச்சி அட்டையைத் தின்றுவிடும், பூசணம் பிடிக்கும். எங்கள் கடற்கரையில் ஈரக் காற்று அதிகம் என்பதால் நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே போடுவேன். ஓரம் பெயர்ந்து வராமல் இருக்க ஓட்டை வரிசையை ஒட்டியும் நன்றாகப் பூசினேன். மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அந்தக் கடையில் அதுவரை ஒரு அட்டை பெயர்ந்ததில்லை, ஒரு புத்தகம் பூச்சி அரித்ததில்லை.

புரட்டாசிக்குள் தங்கை எல்லாத் துணியையும் பொருத்திவிட்டாள். வெள்ளைத் துணியில் கை பட்டால் அழுக்காகும், புகை பட்டால் மஞ்சளாகும். அதனால் வெளுத்த வேட்டி ஒன்றில் புத்தகத்தைச் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பார்க்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டபோதுகூடத் திறக்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. உப்பளமெல்லாம் ஏரியாகக் கிடந்தது. வீட்டில் தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும்.

பொங்கல் கழிந்து, மறுநாள் பரீட்சைக்குக் கிளம்ப வேண்டும் என்ற நிலையில், காலையில் அவள் பெட்டியைத் திறந்தாள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. சத்தமே இல்லாததால்தான் உள்ளே போய்ப் பார்த்தேன்.

புத்தகம் அவள் மடியில் பிரிந்து கிடந்தது. அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலிகோ வைத்தது வைத்தபடி இருந்தது. வளையம்தான் செங்கல் தூள் பூசியது மாதிரி ஆகியிருந்தது. பின்னட்டைப் பக்கம் பசை பட்ட இடத்தில் கம்பி பாதி தின்று போயிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சிவப்புக் கறை தாளில் இறங்கி, தாளிலிருந்து துணிக்கு ஏறியிருந்தது. முதல் பக்கங்களில் லேசாக. பின்னால் போகப் போக அதிகம். காஜா, ஸ்மாக்கிங், குழந்தைச் சட்டை எல்லாம் பின்னால்தான் இருந்தன. சட்டையின் கழுத்துப் பக்கம் வெற்றிலை எச்சில் தெறித்தது மாதிரி இருந்தது.

எனக்குக் காரணம் புரியவில்லை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கடையில் தொங்கிய மற்ற சுருள்களும் அதே காற்றில்தான் இருந்தன. அவற்றில் லேசாகப் புள்ளி விழுந்திருந்ததே தவிர, இப்படி இல்லை. இந்தப் புத்தகத்தில் போட்ட கம்பி மட்டும் மட்டமான சரக்கு என்று மெட்ராஸ் கடைக்காரனைத்தான் திட்டினேன்.

அம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பு தூவி, துணிகளை வெயிலில் காயப் போட்டாள். துருவுக்கு அதுதான் எங்கள் வைத்தியம். சிவப்பு மங்கி மஞ்சளானது. சில இடத்தில் மஞ்சளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் கிளம்பியது. அது என்ன கறை என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. புதுத் துணி எடுத்து, காஜாவை முதலிலிருந்து போட உட்கார்ந்தாள். அதை முடித்தாள். ஸ்மாக்கிங் பாதி வந்தது. குழந்தைச் சட்டைக்கு நேரமில்லை.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். துருப்பிடித்த வளையத்தைக் கழற்றி எறிந்தேன். கறை பட்ட தாள்களை மாற்றி, துணிகளைத் திரும்பப் பொருத்தினேன். கடையிலிருந்ததிலேயே நல்ல சுருளாகப் பார்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்து ஏற்றினேன். ஓட்டை ஓரத்தில் புதுத் தாள், புதுக் கம்பி. புத்தகம் கடையில் அன்றைக்கு வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. காஜா தவிர மற்ற துணிகள் மட்டும் பழையவை. இப்படியாவது பார்வையாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கடலூருக்குப் போனோம். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்குள் ஆண்களை விடவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் காகிதப் பையில், சிலர் கயிறு கட்டிய அட்டையில் தங்கள் மாதிரிகளை வைத்திருந்தார்கள். நம் புத்தகம் மாதிரி ஒன்றுகூட இல்லை. அந்த நிலையிலும் எனக்கு அதில் ஒரு பெருமை வந்தது. வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாண்டிச்சேரியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அவளாகவே சொன்னாள். கொடுத்த துணியைத் தைத்ததில் குறையில்லை. பரீட்சை நடத்த மெட்ராஸிலிருந்து வந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்து, நல்லா வருது என்றாராம். பிறகு மாதிரிப் புத்தகத்தைக் கேட்டாராம்.

“தொறந்ததும் சிரிச்சாங்கண்ணா. யாரும்மா பைண்டிங் பண்ணது, மெட்ராஸ்லகூட இப்படிப் பாத்ததில்லன்னாங்க. எங்க அண்ணன்னு சொன்னேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் பின்னாடி பொரட்டினாங்க. புஸ்தகத்த இவ்ளோ சுத்தமா வெச்சிருக்க, துணிய இப்படி வெச்சிருக்கியேம்மான்னாங்க. கொழந்த சட்டைக்கு மார்க்கு போடல.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது.

“வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? கம்பி துருப் புடிச்சிதுன்னு?”

அவள் ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கம்பி பளபளன்னு இருந்துதுண்ணா. எதக் காட்டிச் சொல்றது?”

பெரிய முதலியார்சாவடி தாண்டி மரக்காணம் வரும் வரைக்கும் நான் அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தேன். பழைய துருக் கம்பியே இருந்திருந்தால், அந்த அம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்டிருப்பார். இது பெண்ணின் கை அழுக்கு இல்லை, இரும்பு செய்த வேலை என்று தெரிந்திருக்கும். மார்க்கு கொடுத்திருப்பாரா என்பது வேறு. கேட்கவாவது கேட்டிருப்பார். அவளுக்காகப் பேச இருந்த ஒரே சாட்சியை நான் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பிவிட்டேன்.

பங்குனியில் ரிசல்ட் வந்தது. அவள் பெயர் இல்லை. அடுத்த வருடம் திரும்ப எழுதலாம் என்று நான் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தலைமை சிஸ்டரும் ஆள் அனுப்பினார். ஆனால் ஜூன் மாதத்துக்கு அவர்களுக்கு டீச்சர் வேண்டும், ஒரு வருடம் காலியாக வைக்க முடியாது. கூனிமேடு பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அம்மாவோடு வாதாட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பேசியது பேசியதுதான் என்று சொன்னவள் தங்கைதான். வைகாசியில் பிரம்மதேசத்துக்குப் போனாள்.

மச்சான் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. அவள் பட்டினி கிடந்தாள், அழுதுகொண்டு வந்தாள் என்றெல்லாம் சொன்னால் அது பொய். வேர்க்கடலைக் காலத்தில் ஒருமுறை போயிருந்தேன். களத்தில் உட்கார்ந்து மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். வேகமான கை. ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் தையல் இடைவெளி மாறவில்லை. நான் கொண்டுபோன பண்டத்தைக் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று உடனே திரும்பிவிட்டேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பாண்டிச்சேரிக்குத் தாள் வாங்கப் போனபோது பழைய மேஸ்திரியைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பீடியை அணைத்தார்.

“ஏம்பா, துத்தம் போட்ட பசைய இரும்புல பூசினியா? துத்தத் தண்ணில ஒரு ஆணியப் போட்டு வெச்சுப் பாரு. காலையில செவப்பா பூத்து நிக்கும்.”

“நீங்கதான மேஸ்திரி துத்தம் போடச் சொன்னீங்க?”

“போடச் சொன்னேன். நூல் தெச்ச புஸ்தகத்துல இரும்பு ஏது? ரிங்கு போட்டதுல பசை ஏது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. தனித்தனியாக இரண்டு வேலையும் காலம் காலமாக நடந்தது. பசையும் கம்பியும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. அதுகளை முதன்முதலில் ஒரே அட்டைக்குள் குடி வைத்தவன் நான். இந்தக் கடற்கரையில் வேறு யாரும் செய்யாததைச் செய்ததால், வேறு யாருக்கும் வராத கேடும் எனக்குத்தான் முதலில் வந்தது. அந்தப் பச்சைக் கறையும் துத்தம்தான்.

அதன் பிறகு சரி செய்ய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மீன் வலைக்கு அப்போது நைலான் வந்துவிட்டது. பெரிய தூண்டிலுக்குப் போடுகிற தடித்த நைலான் நரம்பை வாங்கி, இரும்புத் தண்டில் இறுக்கிச் சுற்றி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஆற வைத்தேன். சுருள் நின்றது. துருவும் இல்லை, கறையும் இல்லை. ஓட்டை வரிசைப் பக்கம் பசை ஏறாமல் நடுவில் ஒரு மெழுகுத்துணிப் பட்டை வைத்தேன். மழைக்காலம் முழுக்கக் கிணற்றடியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தையல் டீச்சர் எப்படியோ கேள்விப்பட்டு, தன் பெண்களுக்கு அதே மாதிரி புத்தகம் செய்யச் சொன்னார். பிறகு வருடா வருடம் வந்தது. திண்டிவனத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். என் கடை பெரிதானதும், நான் கல்வீடு கட்டியதும் அந்த வேலையில்தான். வாடிக்கைக்காரர்களிடம் நான் பேசாத பெருமை இல்லை. மெட்ராஸ் அம்மா என் பைண்டிங்கைப் பாராட்டியதை மட்டும் கடையில் வைத்து இன்றுவரை நான் சொன்னதில்லை.

ஒரு மாசி மகத்துக்குத் தங்கை குடும்பத்தோடு வந்தாள். சாமி கடலுக்கு இறங்கிக் கூட்டம் கலைந்த பிறகு, மச்சான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போனார். அவள் கால் வலிக்கிறது என்று என் கடையில் உட்கார்ந்தாள். மேஜை மேல் அந்த வருடத்துப் புத்தகங்கள் பரீட்சைக்குப் போய் வந்து அடுக்கியிருந்தன. ஓட்டை ஓரம் பிய்ந்த ஒன்றிரண்டைச் சரி செய்யக் கொடுத்திருந்தார்கள். எடுத்து உள்ளே வைக்கலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் அவள் மேலே இருந்ததைப் பிரித்துவிட்டாள்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் அவசரப்படவில்லை. காஜா வந்ததும் குனிந்து, துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ணு நூல இழுத்துப் புடிக்குது. கொஞ்சம் தளத்தி விடணும்னு சொல்லச் சொல்லு.”

“டீச்சரம்மாகிட்ட சொல்றேன்.”

குழந்தைச் சட்டை வரைக்கும் புரட்டினாள். நைலான் சுருளை விரலால் ஒருமுறை தடவினாள்.

“இது துருப் புடிக்காது இல்ல?”

“புடிக்காதும்மா.”

“நல்லதுண்ணா” என்று சொல்லி, புத்தகத்தை மூடி, மற்றவற்றோடு ஓரம் சரியாக இருக்கும்படி அடுக்கி வைத்தாள்.